பிரஷர் யார் வழியில் வருகிறது?

பரம்பரையாக வரும் இரத்தக் கொதிப்பைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். நான் பொது மருத்துவன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 32. அப்பாவுக்கு 50-ல் பக்கவாதம். எனக்கும் வந்தே தீருமா? ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா சார்?

வந்தே தீரும் என்று இல்லை தம்பி. ஆளுக்கு ஆள் பிரஷர் வேறுபடுவதில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் மரபணுக்களால் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் அது ஒற்றை மரபணுவின் வேலை இல்லை. 2018-ல் பத்து லட்சம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில் 900-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் தெரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியே ஒரு புள்ளி அளவுக்குக்கூட ஏற்றுவதில்லை. அதனால் டெஸ்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்று வாங்குங்கள். பட்டறையில் குனிந்து உட்கார்ந்த கையோடு பார்க்காமல், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள்.

தட்டுவடை செட் சாப்பிடலாமா?

எப்போதாவது ஒரு செட், சரி. ஒரு நாள் உப்பு மொத்தம் 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அந்தக் கணக்கில்தான் வரும்.

அஸ்தம்பட்டி, பத்து வாரக் கர்ப்பம், தலைப்பிரசவம். என் அம்மாவுக்குப் பிரச்சினை எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் பிறக்கும்போது மாமியாருக்குப் பிரஷர் ஏறி வலிப்பே வந்ததாம். அது எனக்கு எப்படிச் சேரும்?

சேரும் அம்மா. நல்ல வேளை, கேட்டீர்கள். பெரும்பாலும் அம்மா வழியை மட்டும்தான் விசாரிக்கிறோம். ஆனால் நஞ்சுக்கொடி குழந்தையின் மரபணுவில் உருவாவது. அதில் பாதி உங்கள் வீட்டுக்காரருடையது. தாய்க்கு இந்தப் பிரச்சினை இருந்து பிறந்த ஆண்களின் மனைவிமார்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வு காட்டியது. தாய் வழியில் இருந்தால் அது இன்னும் கூடுதல். 2017-ல் குழந்தையின் மரபணுவிலேயே எஃப்எல்டி1 என்ற மரபணுவை ஒட்டி ஒரு மாறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு தரும் புரதத்தின் ஒரு வடிவம் நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்தில் அதிகமாகக் கலந்தால், இரத்தக் குழாய்களின் உள்பூச்சு கெட்டு பிரஷர் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது.

மாமியார் சொன்னதை அடுத்த பரிசோதனையிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று அவர் முடிவு செய்வார். தேவையென்றால் 12 வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இருபது வாரத்துக்குப் பிறகு 140/90 தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, திடீர் முகவீக்கம் வந்தாலோ இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவது ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ. பிரஷர் ஏறும் காலமும் அதுதான். கர்ப்பப் பரிசோதனை அட்டையும், அரசுப் பதிவில் கர்ப்பத்துக்குத் தரும் பிக்மி எண்ணும் கூடவே போக வேண்டும். புது ஊர் நர்ஸம்மாவுக்கும் மாமியார் கதை தெரிய வேண்டும்.

ஏற்காடு எஸ்டேட்டிலிருந்து: அண்ணனுக்கு 35-லேயே வந்தது. எனக்கு 52-ல், மாதவிடாய் நின்ற பிறகு. மலைக் குளிராலா?

குளிரில் இரத்தக்குழாய் சுருங்கி கொஞ்சம் ஏறும்தான். ஆனால் முக்கியக் காரணம் அது இல்லை அக்கா. அண்ணனும் நீங்களும் ஒரே பெற்றோரின் மரபணுக்களைத்தான் பங்கிட்டிருக்கிறீர்கள். இளவயதில் ஈஸ்ட்ரோஜன் இரத்தக்குழாயைத் தளர்வாக வைத்திருந்தது. அது குறைந்ததும் பெண்கள் ஆண்களை எட்டிப் பிடிக்கிறார்கள், சிலர் முந்தியும் விடுகிறார்கள். கர்ப்பத்தில் எப்போதாவது பிரஷர் இருந்ததா? இருந்திருந்தால் அப்போதே உங்கள் பெயர் வரிசையில் ஏறிவிட்டது.

ஓமலூர்: அக்கா மகளைக் கட்டியிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பிரஷர் வருமா?

ஊரில் எல்லாருக்கும் வரும் சாதாரண பிரஷருக்காகச் சொந்தத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே தோன்றும் அரிய வகைகள் உண்டு. சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு கூடும். ஒரு வகையில், கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதி சிறுநீரகத்தில் இருப்பதில்லை. உடம்பு உப்பைப் பிடித்துவைக்கும், பொட்டாசியம் இறங்கும், சின்னப் பிள்ளைக்கே பிரஷர் ஏறும். அதே நொதியைத்தான் அதிமதுரமும் தடுக்கிறது! இருமலுக்கு என்று நாள்கணக்கில் அதிமதுரம் மெல்லும் பெரியவர்களுக்குப் பிரஷர் எகிறுவது இதனால்தான். பிள்ளைக்குத் தசைச் சோர்வோ, வளர்ச்சிக் குறைவோ இருந்தால் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள்.

நர்சிங் மாணவி: கர்ப்பத்தில் பிரஷரை ஏற்றும் ஒரே ஒரு மரபணு மாற்றம் உண்டாமே?

உண்டு, மிக மிக அரிது. 2000-ல் ஒரு குடும்பத்தில் கண்டறிந்தார்கள். கர்ப்பம் இல்லாதவர்களுக்கும் அது பிரஷரை ஏற்றும்; முதலில் பிடிபட்டதே 15 வயதுப் பையன்தான். உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஏற்பி, கர்ப்பத்தில் பெருகும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கும் திறந்துகொள்கிறது. வழக்கமாக அதை அடைக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையே இவர்களுக்குப் பிரஷரை ஏற்றும். தேர்வில் கேட்பார்கள், வார்டில் பார்ப்பது சந்தேகம்.

டெல்மிசார்ட்டான் போடுகிறேன், குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்.

அந்த மாத்திரையும் எனலாப்ரில் வகையும் கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீங்களாக நிறுத்தாமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். லேபெட்டலால், நிபெடிபின், மெத்தில்டோபா என்று மாற்று உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால், கொண்டுவரும் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் பழைய அட்டையே வந்து நிற்கும்.