திரைக்குப் பின்னால் நின்ற இன்னொரு பெண்

கேள்வி: 'சிங்கிங் இன் தி ரெய்ன்' படத்தின் முடிவில், உண்மையில் பாடுகிறவள் யார் என்று ஊருக்கே காட்டிவிடுகிறார்கள். பின்னணியில் உழைப்பவர்களுக்கு ஹாலிவுட் நியாயம் செய்த படம் என்று இதைச் சொல்லலாம்தானே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சொல்ல முடியாது. கதைக்குள் கிடைத்த நியாயம் கதைக்கு வெளியே கிடைக்கவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1952இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோ எடுத்த படம், இயக்கம் ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும். கதை நடப்பது 1927இல், பேசும்படம் வந்து ஊமைப்படக்காரர்களின் வயிற்றைக் கலக்கிய நேரம். லீனா பெரிய நட்சத்திரம். ஆனால் வாயைத் திறந்தால் கீச்சுக்குரல். மைக்கைச் செடிக்குள் ஒளித்துவைத்தும் அவளுடைய உடைக்குள் செருகியும் படப்பிடிப்புக் குழுவினர் படும் பாட்டைப் பார்த்து எத்தனை முறை சிரித்திருப்பேன்! வேறு வழியில்லாமல் கேத்தி என்ற புதுப்பெண்ணை அவளுக்குக் குரல் கொடுக்க வைக்கிறார்கள். கேத்தியின் பெயர் வெளியே வரவே கூடாது என்று லீனா அடம்பிடிக்கிறாள். கடைசியில் அவள் மேடையில் வாயசைக்கும்போது பின்னால் இருக்கும் திரை விலக, மைக் முன்னால் கேத்தி நிற்கிறாள். இத்தனை வருடம் கழித்தும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும்.

சரி, கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸ், லீனாவுக்காக 'வுட் யூ' பாட்டைப் பாடுவதாக ஒரு காட்சி வருகிறதே, அதில் நாம் கேட்பது டெபியின் குரல் இல்லை. பாடியவர் பெட்டி நாய்ஸ் என்ற பாடகி. படத்தின் டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. குரலுக்கு உரியவளின் பெயரை மறைப்பது அநியாயம் என்று சொல்ல வந்த படம், அதே அநியாயத்தைத் தானும் செய்திருக்கிறது. கேத்தி லீனாவுக்கு வசனம் பேசும் காட்சியில் ஒலிப்பது யார் குரல் தெரியுமா? லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயல்பான குரல்! ஹேகனுக்காக ரெனால்ட்ஸ் பேசுவதாகக் கதை. ரெனால்ட்ஸுக்காக ஹேகன் பேசியது நிஜம். அவ்வளவு அழகான குரலை வைத்துக்கொண்டு படம் முழுக்கக் கீச்சிட்டிருக்கிறார் அந்த நடிகை. அதற்கு ஆஸ்கர் பரிந்துரையாவது கிடைத்தது.

டெபியைக் குறை சொல்லாதீர்கள். அப்போது அவருக்கு 19 வயது, நடனப் பயிற்சியும் பெரிதாகக் கிடையாது. 'குட் மார்னிங்' பாட்டுக்குக் காலில் ரத்தம் வர ஆடியவர். யார் குரலை எங்கே வைப்பது, யார் பெயரைப் போடுவது என்பதெல்லாம் ஸ்டுடியோவின் கையில் இருந்தது. பின்னணிக் குரலுக்குப் பெயர் போடாமல் விடுவது அன்றைய ஹாலிவுட்டில் சாதாரண வழக்கம். வழக்கம்தான் என்று மற்றப் படங்களை விட்டுவிடலாம். இந்தப் படத்தை விட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இது பேசியதே அந்த வழக்கத்தைப் பற்றித்தான்.

பெட்டி நாய்ஸுக்கு இது முதல் முறையும் இல்லை. 1941இல் வந்த டிஸ்னியின் 'டம்போ'வில், கூண்டுக்குள் அடைபட்ட தாய் யானை தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக் குட்டியைத் தாலாட்டும்போது ஒலிக்கும் 'பேபி மைன்' பாட்டும் அவர் பாடியதுதான். அந்தப் பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் படத்திலும் அவர் பெயர் இல்லை.