ஃப்ளூரி என்ற பிரெஞ்சுச் சிவப்பு வைனில் கடைக்காரர் சொன்ன கல் வாசனை வரவில்லையே, புளிப்பு மட்டும்தான் தெரிகிறது. போத்தல் கெட்டுவிட்டதா?

போத்தல் கெட்டிருக்கும் என்று தோன்றவில்லை. கருங்கல்லுக்கு வாசனை கிடையாது, அது வேர் வழியாகக் கரைந்து வைனுக்குள் வருவதும் இல்லை. கடைக்காரர் சொன்ன "கல் மணம்" வெறும் பேச்சுவழக்கு.

கல் செய்யும் வேலை வேறு. ஃப்ளூரி ஊர் இருக்கும் பிரான்சின் வட பொஜொலே பகுதியில் இளஞ்சிவப்புக் கருங்கல் உதிர்ந்து மணலாகக் கிடக்கிறது. மழைநீர் நிற்காது, சத்தும் குறைவு. கொடி தழைத்து வளராமல், பாறை வெடிப்புகளில் வேர்விட்டுப் பிழைக்கிறது. விளைச்சல் அடங்கும், பழத்தில் சுவை திரளும். (நம் பினாங்கு மலையும் கருங்கல்தான். ஆனால் இங்கே வெயிலும் மழையும் அதைச் செங்களிமண்ணாக்கிவிட்டன. டுரியானுக்கு யோகம்!)

புளிப்பு மட்டும் தெரிகிறது என்றீர்கள். ஃப்ளூரி வைன் செய்யும் காமே என்ற திராட்சைக்கே புளிப்பு இயல்பு. ஆனால் மதுவின் காரமும் மூக்கில் ஏறுகிறது என்றால், 30 டிகிரி அறைச் சூட்டில் அப்படியே ஊற்றிக் குடித்திருப்பீர்கள் என்பது என் ஊகம்.

இப்படிச் செய்து பாருங்கள்:
1. பனிக்கட்டி போட்ட தண்ணீரில் போத்தலைக் கால் மணி நேரம் வையுங்கள். 13, 14 டிகிரி போதும்.
2. கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு முகருங்கள். செம்பழ வாசனையும் பூ வாசனையும் எட்டிப் பார்க்கும்.

ஈர அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் மட்டும் கதை வேறு: தக்கை கெட்டிருக்கிறது. ரசீதோடு கடைக்கே கொண்டுபோங்கள்.