காலிஃபிளவர் போல ஒரு காதல்

அன்புள்ள அண்ணா,

கல்லடியில் நாங்கள் நாலு பொடியன்கள் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். காதல் பாட்டு ஒன்றுக்கு மெட்டு சரி. இரண்டாம் அடியில் ஒரு சொல் மட்டும் மூன்று மாதமாக வரவில்லை. ‘உண்மையான காதல் பாட்டென்றால் ஒரே மூச்சில் வரவேணும், இது செய்த பாட்டு’ என்கிறான் டிரம்ஸ் அடிப்பவன். நீங்கள் அடிக்கடி சொல்லும், பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் ‘சம்திங்’ என்ற காதல் பாட்டு எப்படி உருவானது?

கே., கல்லடி

அன்புள்ள தம்பி,

அதுவும் செய்த பாட்டுத்தான். பீட்டில்ஸின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் 1968இல் பியானோவில் தொடங்கினார். முதல் அடியே இரவல். ஜேம்ஸ் டெய்லர் என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டொன்றின் தலைப்பு அது. 1969 ஜனவரியிலும், அவள் எதைப் போல ஈர்க்கிறாள் என்ற இடம் காலியாகவே கிடந்தது. குழுத் தோழர் ஜான் லெனனிடம் கேட்டார். ‘வாயில் வருவதைப் போட்டுப் பாடு, காலிஃபிளவர் என்று பாடு, சொல் வரும்வரை’ என்பதுபோல் லெனன் யோசனை சொன்னார். ஹாரிசன் மாதுளம்பழத்தையும் போட்டுப் பார்த்தார். நம் கூத்துப் பாட்டுகளான தருக்களுக்கு ‘தன்னானே’ போட்டு மெட்டைப் பிடிப்பதில்லையா? மெட்டு நிற்கட்டும், சொல் மறுகா வரும்.

யாரை நினைத்து எழுதினார்? மனைவி பாட்டி பாய்ட் என்றுதான் உலகம் நம்புகிறது. ஹாரிசனோ பிற்காலத்தில், அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் பாடுவதாக மனதில் வைத்து எழுதினேன் என்றுவிட்டார்! பாவம் பாட்டி பாய்ட்.

எனக்குப் பிடித்தது நடுப்பகுதி. ‘உன் காதல் வளருமா’ என்று அவள் கேட்கிறாள், அவருக்கோ தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கே சத்தியம் செய்திருப்பார்கள். இவர் சுருதியை மாற்றி, டிரம்ஸை உருளவிட்டு, தெரியாது என்பதை உரக்கப் பாடுகிறார். பாட்டில் மெய்யான காதல் இருக்கிறதென்றால் அந்த இடத்தில்தான்.

பதிவும் ஒரே மூச்சில் முடியவில்லை. மே மாதம் அடிப்படைப் பதிவைப் புதிதாகச் செய்தார்கள். அது எட்டு நிமிடம் வரை நீண்டது. வால் பகுதியை வெட்டி மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய வயலின் குழு வாசிப்பும், ஹாரிசனின் கிட்டார் தனி வாசிப்பும் சேர்ந்தே பதிவாயின. எட்டு ஒலித்தடங்கள் மட்டுமே கொண்ட டேப்பில் இரண்டையும் தனித்தனியாகப் பதிய இடமில்லை என்கிறார் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக். கிட்டார் பிசகினால் வயலின்காரர்களும் திரும்ப வாசிக்க வேண்டும். அந்தப் பயத்தோடு கேட்டுப் பாருங்கள், விரல் எவ்வளவு நிதானமாகப் போகிறது.

சரி, உங்கள் அடிக்கு இப்போதைக்கு ‘எருமைத் தயிர்’ போட்டுப் பாடுங்கள். மேடையில் வாய் தவறி அதுவே வந்துவிட்டால் நான் பொறுப்பில்லை.