போரில் ஆயுதத்தால் இல்லாமல் வீரம் காட்டியவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஒகினாவா தீவில் துப்பாக்கியே தொடாமல் காயம்பட்டவர்களைக் கயிறு கட்டி இறக்கிய அமெரிக்க வீரர் டெஸ்மண்ட் டாஸ் பெயர்தான் வரும். நியாயம்தான். ஆனால் நான் சொல்ல நினைப்பது இந்திய ராணுவ டாக்டர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ். அந்த 'ஏ' ஆற்காடு.

1950இல் கொரியப் போர் வெடித்து ஐ.நா. உதவி கேட்டபோது, நேரு அரசு சண்டை போடப் படை அனுப்பவில்லை. 60வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. ஆம்புலன்ஸ் என்றதும் சைரன் வைத்த வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர்கள், நர்சிங் அசிஸ்டன்ட்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்கள் என்று சண்டைக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டு ஆபரேஷன் செய்யும் ஒரு முழு ஆஸ்பத்திரி அது. அதன் தலைவர் ரங்கராஜ். நவம்பரில் போய் இறங்கி, வட கொரியத் தலைநகர் பியாங்யாங் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் சீனப் படை உள்ளே புகுந்துவிட்டது, எல்லாரும் தெற்கே பின்வாங்க வேண்டிய நிலை, இவர்களிடமோ வண்டி போதவில்லை. சாமான்களைப் போட்டுவிட்டு ஆட்கள் மட்டும் தப்பித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கத்தியும் மருந்தும் இல்லாமல் போய்ச் சேர்ந்து என்ன பிரயோஜனம்? கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு ரயிலைக் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவிலேயே இருந்தார்கள். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி வாளியில் தண்ணீர் கொண்டுபோய் பாய்லரை நிரப்பி, சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் தாண்டிய பாலம் கொஞ்ச நேரத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்த வாளிகள்தான்.

அப்புறம் 1951 மார்ச் 23. முன்சான்னி என்ற இடத்தில் அமெரிக்க வான்குடைப் படை குதித்தபோது, ரங்கராஜும் அவருடைய சிறிய குழுவும் கூடவே குதித்தார்கள். டாக்டர் எதற்குக் குதிக்க வேண்டும் என்றால், அப்படி இறங்குகிற இடம் எதிரியின் பின்பக்கம். தரை வழியாகத் தங்கள் படை வந்து சேரும்வரை காயம்பட்டவனை வெளியே கொண்டுபோக வழியே கிடையாது. ரத்தம் அதுவரை காத்திருக்காது, அதனால் ஆபரேஷன் அங்கேயே நடந்தாக வேண்டும்.

ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்து ரிட்டயர் ஆன என் பெரியப்பாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "குதிக்கிறது பெரிசில்லடா, ஒருத்தன் அடிபட்ட இடத்துக்கு அடுத்த நிமிஷமே போகணும் பாரு, அவனைச் சுட்ட துப்பாக்கி இன்னும் அந்தப் பக்கம்தான் பாத்துக்கிட்டு இருக்கும்" என்றார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை இரண்டு முறை வாங்கியவர்கள் உலகத்திலேயே மூன்றே பேர், அதில் இருவர் டாக்டர்கள் என்று பிற்பாடு படித்தபோது அவர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். ராணுவத்தை விட்ட பிறகும் மனிதர் வீட்டில் உட்காரவில்லை, உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பெரியம்மையை ஒழிக்க ஆப்கானிஸ்தான் போய்விட்டார்.