மெதேனில் கதிர் பட்டால்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உயர்தர இரசாயனம் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கொக்குவில் மாணவி: சேர், குளோரீனோடு வெளிச்சத்தில் வைத்தால் தாக்கமடைகிற மெதேன், தனியே வைத்தால் ஏன் சும்மா இருக்கிறது?

பிள்ளை, அங்கே வெளிச்சம் உடைப்பது குளோரீனை. ஒரு காபனும் நான்கு ஐதரசனும் சேர்ந்த மெதேன் அந்த ஒளியை உறிஞ்சுவதே இல்லை. அதற்கு ஏறத்தாழ 145 நனோமீற்றருக்குக் குறைந்த கழியூதாக் கதிர் வேண்டும். இல்லையென்றால் காமா, பீற்றா மாதிரி முரட்டுக் கதிர்.

அதே மாணவி: காமா பட்டால்?

காமா தட்டிவிடும் வேகமான இலத்திரன்தான் வாயுவுக்குள் ஓடி, வழியில் அகப்படும் மூலக்கூறுகளின் இலத்திரன்களைக் கழற்றும். கழன்ற இலத்திரனும் அதை இழந்த மூலக்கூறும் சேர்ந்ததுதான் அயன் சோடி. ஓர் அயன் சோடிக்குச் சராசரி 27 இலத்திரன்வோல்ற்று (மிகச் சிறிய சக்தி அலகு) செலவு. அயனாக்க 12.6 போதும், மிச்சத்தில் ஒரு பங்கு வேறு மூலக்கூறுகளை அருட்டி, அதாவது சக்தியேற்றி, உடைக்கிறது.

அப்புறம்தான் கூத்து. இலத்திரன் இழந்த மெதேன், பக்கத்து மெதேனிடம் ஓர் ஐதரசனைப் பறித்து, ஒரு காபனும் ஐந்து ஐதரசனும் உள்ள அயனாகிறது. மற்றது மெதைல் மூலிகமாகிவிடும், அதாவது காபனின் ஒரு கை வெறுமையாக நிற்கும் துண்டு. இரண்டு மெதைல் சந்தித்தால் எதேன். ஐதரசன் வாயு, எதீன், புரொப்பேனும் வரும்.

மானிப்பாய் மாணவர்: காபனுக்கு நாலு கைதானே சேர்?

நானும் முதலில் நம்பவில்லை. மூன்று ஐதரசன் வழமைபோல் பிணைந்திருக்க, மற்ற இரண்டும் காபனும் ஒரே இலத்திரன் சோடியைப் பங்குபோடுகின்றன. 1952இல் சோவியத் ஆய்வாளர் தல்ரோசேயும் லியுபிமோவாவும் இந்தத் தாக்கத்தைக் காட்டினார்கள். பரீட்சையில் கேட்கமாட்டார்கள், பயப்படாதே.

சுன்னாகம் வெல்டிங்காரர்: அசற்றலீனிலும் இப்படியா?

அது இன்னும் மோசம், தம்பி. 1920களில் அமெரிக்கர் லின்ட் அல்பாக் கதிர் கொண்டு பார்த்தார். ஓர் அயன் சோடிக்கு ஏறத்தாழ 20 மூலக்கூறுகள் போயின. பெரும்பாலும் மஞ்சள் நிறத் திண்மப் பல்பகுதியமாக, அதாவது பல மூலக்கூறுகள் கோத்த பொருளாகப் படிந்தது. கொஞ்சம் பென்சீனும் உண்டு.

பருத்தித்துறையிலிருந்து ஒருவர்: இயற்கையில் எங்கே நடக்கிறது?

சனியின் துணைக்கோள் டைட்டனில். அதன் வளியில் நைதரசனும் மெதேனும். சூரியனின் கழியூதாக் கதிரும் மின்னேற்றத் துணிக்கைகளும் பட்டுப்பட்டு உண்டான செம்மஞ்சள் புகார் அதை மூடியிருக்கிறது. 2005 ஜனவரி 14இல் ஹைகன்ஸ் விண்கலம் அதனூடாகத்தான் இறங்கியது.

நல்லூர் அம்மா: முற்றத்து வெயிலில் நிற்கிற காஸ் சிலிண்டருக்குள்ளும் இதெல்லாம் நடக்குமா?

இல்லை அம்மா. வெயில் உருக்கைத் தாண்டாது. தாண்டினாலும் நிலத்துக்கு வருகிற வெளிச்சத்தைப் புரொப்பேனும் பியூட்டேனும் உறிஞ்சா. ஆனால் சூட்டில் அமுக்கம் ஏறும். நிழலுக்கு மாற்றுங்கள்.