ஆஸி ஸ்மித்தும் செயற்கைப் புல்லும்: கடிதம்

வணக்கம் ஐயா,

விளையாட்டுகளில் தடுப்பாட்டம் பற்றி நீங்கள் எழுதியதில் பேஸ்பால் வீரர் ஆஸி ஸ்மித்தை ஓரிடத்தில் புகழ்ந்திருந்தீர்கள். நான் டெக்சாஸில் வசிக்கிறேன். அலுவலக நண்பரிடம் அதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். 19 வருடத்தில் வெறும் 28 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு மேலே அடிப்பது), பேட்டிங் சராசரி .262, அதாவது நூறு முயற்சியில் சுமார் 26 ஹிட். செயின்ட் லூயிஸ் மைதானத்தின் செயற்கைப் புல்லில் பந்து சீராக எழும்பியதால் பெயர் வாங்கினார், மற்றபடி குட்டிக்கரணம் அடித்துக் கூட்டத்தை மயக்கியவர் என்கிறார். ஒரு ஃபீல்டர் பெரியவரா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்ன எண்கள் சரி. புல்லில்தான் சறுக்குகிறார்.

ஸ்மித் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு வந்தது 1982-ல். அதற்கு முன் நான்கு பருவங்கள் சான் டியேகோ பாட்ரேஸ் அணியில், இயற்கைப் புல் மைதானத்தில் ஆடினார். 1980-ல் அங்கேதான் 621 அசிஸ்ட் செய்தார். அதாவது, அவர் எடுத்து எறிந்த பந்தால் அத்தனை முறை எதிரணியில் ஒருவர் அவுட். அவர் நின்ற ஷார்ட்ஸ்டாப் இடத்தில், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே, ஒரே பருவத்துக்கான பழைய சாதனை 601. கிளென் ரைட் என்பவர் 1924-ல் வைத்தது, 56 வருடம் அசையாமல் இருந்தது. செயற்கைப் புல்லில் இன்னொன்றும் உண்டு: பந்து சீராக வரும், ஆனால் வேகமாகவும் வரும். எட்டிப் பிடிக்க நேரம் குறைவு.

எதை வைத்து அளப்பது என்று கேட்டீர்கள். பேஸ்பாலில் ஃபீல்டர் செய்யும் தவறை எரர் என்று குறித்துவைக்கிறார்கள். எரர் குறைந்தவர் நல்ல ஃபீல்டர் என்று வெகுகாலம் நம்பினார்கள். யோசித்தால் இது அநியாயம். பந்து பக்கமே போகாதவருக்கு எரர் கிடையாது, அது பேட்ஸ்மேனின் ஹிட் ஆகிவிடும். பாய்ந்து விரல் நுனியில் தொட்டுத் தவறவிட்டவர் மாட்டிக்கொள்ளலாம். ஸ்மித்தின் எரர்களும் குறைவுதான். ஆனால் நான் பார்ப்பது அவர் எட்டிய பந்துகளை. மொத்தம் 8,375 அசிஸ்ட், ஷார்ட்ஸ்டாப்களில் இவரே முதலிடம். 1980 முதல் 1992 வரை தொடர்ந்து 13 முறை, சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருது.

எட்டுவது என்றால் என்னவென்று பார்க்க, 1978 ஏப்ரல் 20 ஆட்டத்தின் வீடியோவை நண்பருக்குக் காட்டுங்கள். அட்லாண்டாவின் ஜெஃப் பரோஸ் அடித்த பந்து இரண்டாவது பேஸ் பக்கம் தரையோடு போகிறது. ஸ்மித் இடப்பக்கம் பாய்கிறார். அந்தரத்தில் இருக்கும்போதே பந்து தப்பாக எழும்பி அவருக்குப் பின்னால் திரும்புகிறது. கையுறை போடாத வலக்கையைப் பின்னுக்கு நீட்டி அதைப் பற்றி, எழுந்து, முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்குகிறார். பெரிய லீகுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன்! லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் வீட்டு வாசலின் கான்கிரீட் படியில் பந்தை அடித்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டே போய் நின்று பிடிப்பாராம். குட்டிக்கரணமும் அந்த வயதில் மரத்தூள் குவியலில் குதித்துப் பழகியதுதான்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1985. பருவத்தின் நடுவில் வலது தோளில் அடிபட்டது. எறியும் கை அது. அதற்காக எறியும் விதத்தையே மாற்றிக்கொண்டதில் பிறகு தோளின் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்து, எடை தூக்கிக் கையைத் தேற்றிக்கொண்டார். நான் மேலே சொன்ன 13 விருதுகளில் பாதிக்கு மேல் கிழிந்த தோளோடு வாங்கியவை. கை வலு குறைந்த ஷார்ட்ஸ்டாப் பந்தைச் சீக்கிரம் எட்டி, சீக்கிரம் கையிலிருந்து விட்டாக வேண்டும். அதனால் வீடியோ பார்க்கும்போது பாய்ச்சலை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய இரண்டு காலடிகளைப் பாருங்கள்.

பேட்டிங்கிலும் அவர் அப்படியே நின்றுவிடவில்லை. 1979-ல் சராசரி .211, பரிதாபம்தான். 1987-ல் .303. அந்த வருடம் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் நேஷனல் லீகின் (அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்று) மிகச் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் இரண்டாவது வந்தார். முதலிடம் 49 ஹோம் ரன் அடித்த ஆண்ட்ரே டாசனுக்கு. டாசனின் அணி தன் பிரிவில் கடைசி, ஸ்மித்தின் அணி இரண்டு லீகுகளின் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடர் வரை போனது. என் வாக்கு யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை.

சான் டியேகோ அவரைக் கொடுத்து வாங்கியது கேரி டெம்பிள்டனை. அன்று பேட்டிங்கில் டெம்பிள்டன்தான் மேல். ஸ்மித் வந்த முதல் வருடமே, 1982-ல், செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை வென்றது. 2002-ல் முதல் வாய்ப்பிலேயே 91.7 சதவீத வாக்குகளுடன், பேஸ்பாலின் பெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். வாக்களிக்கும் பேஸ்பால் எழுத்தாளர்கள் அந்த வருடம் தேர்ந்தெடுத்தது அவர் ஒருவரைத்தான்.

அப்புறம், நண்பர் ஹோம் ரன்னை விடமாட்டார் என்றால் 1985 நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தைச் சொல்லுங்கள். 2-2 சமநிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸின் டாம் நீடன்ஃப்யூர் எறிகிறார். ஸ்மித் இரு பக்கமும் நின்று அடிப்பவர். இடக்கை ஆட்டத்தில் அதுவரை 3,009 தடவை களமிறங்கி ஒரு ஹோம் ரன்கூட அடிக்காதவர் அன்று பந்தை வேலிக்கு மேலே அனுப்பி ஆட்டத்தை முடித்தார். செயின்ட் லூயிஸ்காரர்களிடம் ஸ்மித் என்றால் பாதிப்பேர் இதைத்தான் முதலில் சொல்வார்கள், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.