கதவு நிலையடியில் மரத்தூள், ராத்திரியில் கருப்பு எறும்பு: கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: எங்கள் வீடு கட்டி அறுபது வருடம் ஆகிறது. பின்சுவரிலிருந்து இருபதடி தள்ளிக் காடு ஆரம்பித்துவிடும். ஒரு மாதமாக இரவில் குளியலறைப் பக்கம் பெரிய பெரிய கருப்பு எறும்புகள் நடமாடுகின்றன. காலையில் பார்த்தால் கதவு நிலைக்கு அடியில் ஒரு சிட்டிகை மரத்தூள். பூச்சி ஒழிப்பு நிறுவனத்திலிருந்து வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "கறையான் மாதிரிதான், வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டும், ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால் கியாரண்டி, தாமதித்தால் கூரை தாங்காது" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது கறையான் இல்லை, மரம் குடையும் எறும்பு. தச்சன் எறும்பு என்றும் சொல்வார்கள். இரண்டும் மரத்தில்தான் இருக்கும் என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவே கிடையாது. கறையான் மரத்தைத் தின்னும். இந்த எறும்பு மரத்தைத் தின்னாது, குடியிருக்க அறை குடைந்துகொள்ளும், குடைந்த தூளை வாயில் கவ்விக் கொண்டுவந்து வெளியே கொட்டும். உங்கள் நிலையடியில் விழுவது அந்தத் தூள்தான். இந்த வித்தியாசம் தெரியாத ஆளிடம் வீட்டை ஒப்படைக்காதீர்கள், தெரிந்தும் "கறையான் மாதிரி" என்று சொல்பவரிடம் நிச்சயமாக ஒப்படைக்காதீர்கள்.

உறுதி செய்துகொள்ள நீங்களே ஒரு காரியம் செய்யலாம். அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் கொட்டி, வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பென்சில் சீவினால் விழுகிற மாதிரி சின்னச் சின்ன நார்ச் சுருள்கள் தெரியும், அதற்கு நடுவே எறும்பின் கால், தலை, வேறு ஏதோ பூச்சியின் சிறகுத் துண்டு என்று குப்பையும் கலந்து கிடக்கும். அப்படி இருந்தால் எறும்பேதான், ஏனென்றால் அது கூட்டைச் சுத்தம் செய்யும்போது செத்ததையும் தின்ற மிச்சத்தையும் தூளோடு சேர்த்துத்தான் வெளியே தள்ளும். கோதுமை மாவு போல மென்மையாக இருந்து, மரத்தில் குண்டூசி குத்தியது போல வட்டமான ஓட்டைகள் தெரிந்தால் அது வண்டு. கசகசா போலக் கெட்டியான, ஒரே அளவான மணிகளாக இருந்தால் காய்ந்த மரத்தில் வாழும் கறையான். சுவரில் மண்குழாய் ஏறியிருந்தால் நிலத்துக் கறையான். அவ்வளவுதான், இதற்கு ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம்.

சிறகு முளைத்தவை கண்ணில் பட்டால் இன்னும் சுலபம். ஈசல் என்று நாம் சொல்வது சிறகு முளைத்த கறையான்: நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று இருக்காது, மீசை நேராக இருக்கும். எறும்புக்கு முன்சிறகு பெரிது, பின்சிறகு சின்னது, இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும், மீசை முழங்கை போல மடங்கியிருக்கும். இப்படிச் சிறகுள்ள எறும்புகள் ஜன்னலின் உள்பக்கம் கூட்டமாக முட்டி மோதிக்கொண்டிருந்தால் கூடு வீட்டுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நேற்று வந்த கூடாக இருக்காது, சிறகுள்ளவற்றை உண்டாக்கும் அளவுக்கு ஒரு கூடு வளர மூன்று முதல் ஆறு வருடம் ஆகும்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. இந்த எறும்பு வேலை செய்யும் வேகம் அவ்வளவு மெதுவானது என்று காட்டத்தான். அது மரத்தைக் கெடுப்பது வருடக் கணக்கில். இன்னும் இரண்டு வாரம் பொறுமையாகக் கூட்டைத் தேடினால் உங்கள் கூரை இறங்கிவிடாது. "இன்றே முடிவு செய்யுங்கள்" என்பது எறும்பு போடுகிற அவசரம் இல்லை, விற்க வந்தவர் போடுகிற அவசரம். நிலையையோ உத்தரத்தையோ ஸ்க்ரூடிரைவரால் குத்தும்போது முனை ரொட்டிக்குள் இறங்குவது போல இறங்கினால் மட்டும் பொறுக்க வேண்டாம், உடனே நல்ல தச்சரையோ கட்டிடப் பொறியாளரையோ கூப்பிடுங்கள். மருந்தடிப்பவரை அல்ல.

சரி, கூடு எங்கே? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தப்புச் செய்கிறார்கள். கண்ணில் பட்ட எறும்பின் மேல் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். வெளியே நடமாடுவது கூட்டில் ஒரு சிறு பங்குதான், மீதி அத்தனையும் மரத்துக்குள் இருக்கிறது. ராணி ஒரு நாளும் வெளியே வராது, அது பத்து வருடத்துக்கு மேல் கூட வாழும். நீங்கள் பத்து எறும்பைக் கொன்றால் அதற்குக் கணக்கே இல்லை, அதோடு எறும்பு எந்த வழியாகப் போகிறது என்பதைக் காட்டும் சாரையையும் நீங்களே அழித்துவிடுகிறீர்கள். ஆகவே ஒரு வாரம் எதுவும் அடிக்காதீர்கள்.

பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகத்தில் சிவப்புத் தாள் கட்டிக்கொண்டு போங்கள், சிவப்பு வெளிச்சம் எறும்புக்கு அவ்வளவாக உறைக்காது. நடமாட்டம் இருக்கும் இடத்தில் ஓர் அட்டைத் துண்டில் இரண்டு சொட்டுத் தேன் வைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்காருங்கள். வருகிற எறும்பைப் பார்க்காதீர்கள், வயிறு நிரம்பித் திரும்புகிற எறும்பைப் பாருங்கள். வயிறு புடைத்து வளையங்களுக்கு நடுவே மினுமினுப்பாகத் தெரியும், அது நேராக வீட்டுக்குப் போகும். சுவர் ஓரம், குழாய், மின்கம்பி என்று ஏதாவது ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் போகும். எந்த இடுக்கில் நுழைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த மரத்தை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் நான்கு தட்டுத் தட்டி உடனே காதை வைத்துக் கேளுங்கள். கூடு இருந்தால் உள்ளே சரசரவென்று, ஜவ்வுத் தாளைக் கசக்குவது போலச் சத்தம் வரும்.

ஈரத்தைத் தேடுங்கள். பழைய வீட்டில் இந்த எறும்பு வருவதற்குப் பத்துக்கு எட்டு முறை காரணம் தண்ணீர்தான், இது என் அனுபவக் கணக்கு. குளியலறைக் குழாய்க் கசிவு, கூரையோரத்துத் தண்ணீர்த் தாரையில் இலை அடைத்து வழிந்து சுவரில் இறங்குவது, ஜன்னல் சட்டத்தின் அடிக்கட்டை ஊறிப்போவது, இதெல்லாம்தான். ஊறி இற்றுப்போன மரம் அதற்குக் குடைய வசதி. ராணி இருக்கும் தாய்க்கூட்டுக்கு ஈரம் கட்டாயம் வேண்டும், முட்டை காய்ந்துபோகக் கூடாதே.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் காட்டை ஒட்டிய வீட்டில் இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் வீண். தாய்க்கூடு உங்கள் வீட்டிலேயே இல்லாமல் போகலாம். காட்டோரத்தில் ஒரு பழைய அடிக்கட்டையிலோ, உள்ளே பொந்து விழுந்த மரத்திலோ ராணியும் முட்டைகளும் இருக்கும். கூட்டம் பெருகியதும் வேலைக்கார எறும்புகள் வளர்ந்த புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் வீட்டில் ஒரு கிளைக்கூடு போடும். அரிசி மணி போல வெள்ளையாக எறும்பு தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், முட்டை என்று சொல்வோம், அது பெரும்பாலும் முட்டை இல்லை, கூட்டுப்புழு. இந்தப் பருவத்துக்கு அவ்வளவு ஈரம் தேவையில்லை, கதகதப்பு போதும். அதனால் கிளைக்கூடு காய்ந்த மரத்தில் இருக்கலாம், உள்ளே வெற்றிடம் உள்ள கதவுக்குள் இருக்கலாம், பரணில் வெப்பத்தைத் தடுக்கப் போட்ட நுரைப் பலகைக்குள் இருக்கலாம், திரைச்சீலைக் குழாய்க்குள் இருக்கலாம். "எங்கேயும் ஈரமே இல்லை, ஆகவே கூடு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "ஈரத்தைச் சரிசெய்துவிட்டோம், இனி வராது" என்றாலும் முழுசாக நம்பாதீர்கள். ஒரு தாய்க்கூட்டுக்குப் பல கிளைகள் இருக்கலாம், ஒன்றை அழித்தால் அடுத்த பருவத்தில் இன்னொன்று போட ஆள் வரும். ஆகவே இரவில் வீட்டுக்குள் தேடியது போதாது, வெளிச்சுவரைச் சுற்றியும் ஒரு நடை போங்கள். எறும்பு கூரைமேல் சாய்ந்த கிளை வழியாக இறங்குகிறதா, கம்பி வழியாக வருகிறதா, தரையில் புல்லை விலக்கிப் பாதை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றையடிப் பாதை போலவே தெளிவாகத் தெரியும். அந்தப் பாதையின் மறுமுனையில்தான் உங்கள் உண்மையான எதிரி இருக்கிறது, அது நூறு அடிக்கு அப்பாலும் இருக்கலாம்.

இப்போது அந்த "வீடு முழுக்க" திட்டத்துக்கு வருகிறேன். வீட்டை மூடிக்கட்டி விஷவாயு நிரப்புவது என்ற ஒன்றும் இருக்கிறது, அதையும் உங்களிடம் அடுத்து விற்பார்கள். வாயு உள்ளே இருப்பதைக் கொல்லும், ஆனால் திறந்துவிட்டதும் அதன் வீரியம் ஒன்றும் வீட்டில் மிஞ்சாது. தாய்க்கூடு காட்டில் பத்திரமாக இருக்கும்போது இதனால் உங்களுக்கு என்ன லாபம்? சுவரெல்லாம் மருந்தடிப்பதும் அப்படித்தான், எறும்பு நடக்காத சுவரில் அடித்த மருந்தைச் சுவாசிப்பது நீங்களும் குழந்தைகளும்தான். கியாரண்டி என்ற சொல்லையும் நம்பாதீர்கள். காகிதத்தைத் திருப்பிப் படியுங்கள்: திரும்ப வந்தால் "மறுபடி இலவசமாக மருந்தடிப்போம்" என்றுதான் இருக்கும், கெட்டுப்போன மரத்தை மாற்றித்தருவதாக இருக்காது.

ஒரு வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று மூன்று வருடம் விடாமல் அடித்திருந்தார்கள். அதன்பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். குளியலறைச் சுவரின் பலகையை எடுத்ததும் உள்ளே குழாய் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது, கீழே இருந்த கட்டையைக் கையால் கிள்ளி எடுக்க முடிந்தது. பன்னிரண்டு முறை வந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பலகையைக் கழற்றவில்லை. கழற்றுவதற்கு அவர்களுக்குச் சம்பளம் இல்லை, அடிப்பதற்குத்தான் சம்பளம். நோய் என்ன என்று சொல்கிறவரும் மருந்து விற்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும் வரை இது மாறாது. எத்தனை வருடமாகச் சொல்லியும் யாரும் கேட்பதாக இல்லை. மருந்து டப்பாவில் எதைக் கொல்லும், எங்கே அடிக்கக் கூடாது என்பதைக் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் அச்சடிப்பதையும் அனுமதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கசிவை அடைத்துவிடுங்கள், இற்ற கட்டையை மாற்றுங்கள். கூடு இருக்கும் இடம் உறுதியாகத் தெரிந்தால், அந்த வெற்றிடத்துக்குள் மட்டும் பொடி மருந்தை ஊதச் சொல்லுங்கள். அதற்கு ஆள் வேண்டும், ஆனால் ஒரு நாள் வேலை, ஐந்து வருட வேலை இல்லை. வருபவரிடம் முதல் கேள்வியாக "கூடு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டாமல் தெளிப்பானைக் கையில் எடுத்தால் அனுப்பிவிடுங்கள்.

கூடு அகப்படவில்லை என்றால் இரை வைக்கலாம். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம். அதற்கு மேல் போடாதீர்கள், "கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் சாகும்" என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. எறும்பு குடித்ததை வயிற்றில் வைத்துக்கொண்டு போய்க் கூட்டில் மற்றவற்றுக்கு வாயோடு வாய் ஊட்டும். மருந்து கடுமையாக இருந்தால் குடித்தது வழியிலேயே செத்துவிடும், அல்லது வாயே வைக்காது. பஞ்சில் நனைத்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவுக்குள் வைத்து, விஷம் என்று எழுதி, குழந்தைக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் எட்டாத இடத்தில் சாரைக்குப் பக்கத்தில் வையுங்கள். இரை வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. இந்த எறும்பு இரை விஷயத்தில் பிகு பண்ணும், புழுக்கள் வளரும் காலத்தில் இனிப்பை விட்டுவிட்டுப் புரதத்தைத் தேடிப் போகும். இரண்டு மூன்று நாளில் தொடவில்லை என்றால் கடையில் கிடைக்கும் புரத வகை இரைக்கு மாற்றிப் பாருங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றுகிற யோசனை யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள், பழைய மரவீட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

வெளியே: கூரையைத் தொடும் கிளைகளைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வெட்டிவிடுங்கள். சுவரோடு சாய்த்து அடுக்கிய விறகை எடுத்துத் தள்ளி வையுங்கள். வீட்டின் எந்த மரமும் மண்ணைத் தொடக் கூடாது, அரை அடி இடைவெளி இருக்கட்டும். முற்றத்துக்குள் இற்ற அடிக்கட்டை இருந்தால் தோண்டி எடுங்கள். காட்டுக்குள் இருப்பதை விட்டுவிடுங்கள், அங்கே அது விழுந்த மரத்தை மண்ணாக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, மரங்கொத்திக்கும் அதுதான் சாப்பாடு.

எல்லாம் முடிந்தபின் நிலையடியில் கிடக்கும் பழைய தூளைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி அதில் தேதி எழுதுங்கள். முதல் வாரம் கொஞ்சம் தூள் விழலாம், கதவை அடித்துச் சாத்தும்போது பழைய குடைவில் தங்கியது உதிரும். மூன்றாவது வாரமும் புதுச் சுருள் விழுந்து, இரவில் எறும்பும் நடந்தால் கூடு இன்னும் உயிரோடு இருக்கிறது, மறுபடி நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், இந்த முறை வெளிச்சுவர்ப் பக்கம்.